குரலைக் காக்கும் நூல்நிலையம்



தமிழின் முதற் பேசும்படம் எந்நகரில் உருவாயிற்று என்று வினவினால், சென்னை என்றே பலரும் விடை பகர்வர். அவ்விடை பிழையுடையது. 'காளிதாஸ்' என்னும் அப்படம், அந்நாளில் பம்பாய் என வழங்கிய இம்மும்பை மாநகரில், அர்தேஷிர் இரானியின் இம்பீரியல் நிறுவனத்தாரால் எடுக்கப்பெற்றது. எச். எம். ரெட்டி இயக்கினார், டி. பி. ராஜலட்சுமி தலைவியாக நடித்தார். 1931-ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 31-ஆம் நாள் படம் வெளிவந்தது. தமிழோடு தெலுங்கும் கலந்து ஒலித்த படம் அது. பல மொழியும் கலந்து ஒலிக்கும் நகரத்தில் பிறந்த பிள்ளை வேறு எவ்வாறு பேசும்?

பிழைப்புத் தேடி நாம் வந்து சேர்ந்த இவ்வூரே, தமிழ் திரையில் வாய் திறந்து பேசுவதற்கும் இடம் கொடுத்தது. பெருமை கொள்ளத்தக்க செய்திதான். ஆயினும் அப்படத்தை இன்று காணலாமா என்று கேட்டால், நாம் தலைகுனிய வேண்டியிருக்கிறது. அதன் படச்சுருள் அழிந்துவிட்டது. அதே ஆண்டு மார்ச்சு 14-ஆம் நாள் அதே நிறுவனத்தார் வெளியிட்ட, இந்தியாவின் முதற் பேசும்படமான 'ஆலம் ஆரா'வும் அழிந்துவிட்டது. அக்காலப் படச்சுருள்கள் எளிதில் தீப்பற்றும் இயல்பின. வெப்பத்தாலும் ஈரத்தாலும் தாமே சிதைவன. ஓடி முடிந்த படத்தைப் பேணுவதினும், சுருளிலுள்ள வெள்ளியைப் பிரித்து விற்பதே ஆதாயம் என்று கருதியவரும் இருந்தனர். தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகம் புனே நகரில் தோன்றியது 1964-ஆம் ஆண்டில்தான். அதற்குள் போனவை போயின.

ஏட்டுச் சுவடிகளுக்கும் ஒரு காலத்தில் இக்கதியே நேர்ந்தது. கறையானுக்கும் நெருப்புக்கும் ஆற்று வெள்ளத்துக்கும் இரையானவை போக, எஞ்சியவற்றை ஊர் ஊராகத் தேடிச் சென்று மீட்டவர் உ. வே. சாமிநாதையர். 1887-ஆம் ஆண்டில் அவர் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தார். சுவடிக்கு ஓர் ஐயர் வாய்த்தார். குரலுக்கு யார் வாய்த்தார்? இவ்வினாவுக்கு விடை தேடிச் செல்வோமாயின், பல்கலைக்கழக நூல்நிலையங்களின் ஒலி, ஒளித் தொகுப்புகளுக்கு வந்து சேருவோம். அவற்றின் வரலாற்றையும், அவற்றைப் பயன்கொள்ளும் முறையையும், மும்பைத் தமிழருக்கும் அவற்றுக்கும் உள்ள தொடர்பையும் இன்று ஒருவாறு சிந்திப்போம்.

முதலில் கிரியர்சன் என்னும் அறிஞரைப் பற்றிச் சொல்ல வேண்டும். இந்திய மொழிகளை அளந்து வகுக்கும் பெரும்பணியை 1894-ஆம் ஆண்டில் மேற்கொண்டு, 1928-ஆம் ஆண்டில் முடித்தவர் அவர். அப்பணியில் விளைந்த 11 தொகுதிகள் இன்றும் ஆராய்ச்சியாளர்க்குக் கைவிளக்கு. ஆனால் சென்னை மாகாணம் அவ்வளவைக்கு உட்படவில்லை. அச்சில் நேர்ந்த குறையை ஒலி ஓரளவு ஈடு செய்தது. 1913 முதல் 1929 வரை அவ்வளவையின் துணையாக மாகாண அரசுகளின் உதவியோடு இசைத்தட்டுகள் பதிவாயின. அத்தட்டுகளில் சென்னை மாகாணத்து மொழிகளும் இடம்பெற்றன. இருநூற்றுக்கு மேற்பட்ட அத்தட்டுகள் இன்று இலண்டனிலுள்ள பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கின்றன. சிகாகோ பல்கலைக்கழகத்தின் தெற்காசிய மின்னூலகம் அவ்வொலிகளை உலகோர் அனைவரும் கட்டணமின்றிக் கேட்குமாறு செய்துள்ளது.

அத்தட்டுகளில் வெவ்வேறு மொழியினர் பலரும் கூறுவது ஒரே கதை. விவிலியத்தில் வரும் ஊதாரி மைந்தன் கதை அது. தன்மை, முன்னிலை, படர்க்கை என்னும் மூவிடப் பெயர்களும், வேற்றுமைகளுள் பெரும்பாலனவும், முக்காலமும் அச்சிறு கதையில் அமைந்து கிடப்பதால், மொழியை ஒப்பிட அது ஏற்றது எனக் கிரியர்சன் தேர்ந்தார். இலக்கணத்தின் பொருட்டுத் தேர்ந்த கதைதான். ஆனால் அதன் பொருள் யாது? தந்தையின் வீட்டை விட்டுத் தொலைநாடு சென்ற மகன் ஒருவன், அங்கே பஞ்சத்தில் உழன்று, மீண்டும் வீட்டை நினைக்கிறான். தாயகம் நீங்கி வாழும் நாம் அக்கதையை முன்னோர் குரலில் கேட்கும்போது, இலக்கணம் பின்னே போய்விடுகிறது. கதையே முன்னே வந்து நிற்கிறது.

அடுத்தவர் ஆர்னால்டு பேக். டச்சு நாட்டவரான இவர் (1899–1963) சாந்திநிகேதனத்திற்கு 1925-ஆம் ஆண்டில் வந்து, பின்னர் இந்தியாவின் பல பகுதிகளிலும் இலங்கையிலும் பாட்டையும் கூத்தையும் ஒலியாகவும் படமாகவும் பதிவு செய்தார். தமிழ்நாட்டிற்கும் கேரளத்திற்கும் அவர் வந்தது 1938-ஆம் ஆண்டில். பிற்காலத்தில் இலண்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கீழ்த்திசைக் கல்லூரியில் ஆசிரியராக விளங்கினார். அவர் மாணவரான நசீர் ஜைராஸ்பாய், 1984-ஆம் ஆண்டில், தம் துணைவியார் ஏமி கேட்லினுடன் அதே வழியில் மீண்டும் பயணம் செய்தார். பழைய பதிவுகளை உடன் கொண்டு சென்று, அன்று பாடியவர்களையும் அவர்தம் வழித்தோன்றல்களையும் தேடிப் போட்டுக் காட்டினார். நாற்பத்தாறு ஆண்டுகள் அயல்நாட்டுப் பேழையில் உறங்கிய குரல், பிறந்த ஊருக்கே திரும்பி வந்தது.

குரல் திரும்பி வர வேண்டும் என்னும் இக்கொள்கையே ஒரு நிறுவனமாயிற்று. இந்திய ஆய்வுகளுக்கான அமெரிக்க நிறுவனத்தின் சார்பில் 1982-ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற இன இசையியல் ஆவண மையம், இப்பொழுது தில்லியை அடுத்த குருகிராமத்தில் இயங்குகிறது. இந்தியாவில் பதிவாகி அயல்நாட்டுப் பல்கலைக்கழகங்களில் தங்கிவிட்ட ஒலிகளின் படிகளை இங்கே கொணர்ந்து, நம்மவர் கேட்க உதவுவது அதன் நோக்கங்களுள் ஒன்று. தில்லி வாழ் தமிழர் அறிந்துகொள்ள வேண்டிய இடம் அது.

தமிழ்நாட்டுக்குள்ளேயே ஒரு சான்று உண்டு. செட்டிநாட்டுக் கோட்டையூரில் விளம்பரப் பலகை எழுதும் ஓவியராக வாழ்ந்த ரோஜா முத்தையா, பழைய நூல்கள், இதழ்கள், நாடக அறிவிப்புகள், பாட்டுப் புத்தகங்கள் முதலியவற்றைத் தம் வாழ்நாளெல்லாம் சேர்த்தார். கற்றோர் பலர் குப்பை என்று ஒதுக்கியவை அவருக்குக் கருவூலமாயின. அவர் 1992-ஆம் ஆண்டில் மறைந்தார். சிகாகோ பல்கலைக்கழகம் 1994-ஆம் ஆண்டில் அத்தொகுப்பை விலைக்கு வாங்கியது. ஆயினும் கடல் கடந்து கொண்டுபோகாமல், சென்னையிலேயே நூல்நிலையம் அமைய உதவியது. அச்சு நூல்களோடு பழைய இசைத்தட்டுகளும் அங்கே பேணப்படுகின்றன. படச்சுருள் அழிந்தாலும், திரையரங்க வாசலில் விற்ற பாட்டுப் புத்தகம் பிழைத்திருந்தால், அப்படத்தின் வரலாற்றில் ஒரு பகுதி பிழைத்ததாகும்.

இனி நம் மும்பைக்கு வருவோம். துறைமுக இரயில் பாதையில் செம்பூரைக் கடந்தால் கோவண்டி, அதற்கடுத்தது மான்குர்த். 1992-ஆம் ஆண்டில் தாணே கழிமுகத்தின் குறுக்கே பாலம் இட்டு, வாஷிக்கு வண்டி விடும் வரையில், அப்பாதை மான்குர்த்தோடு முடிந்தது. நகரம் தன் ஓரத்தில் தள்ளியவர்கள் வந்து சேர்ந்த இடமும் அதுவே. அதன் அயலிலுள்ள தேவனாரில் டாட்டா சமூக அறிவியல் நிறுவனம் இருக்கிறது. 1936-ஆம் ஆண்டில் நாக்பாடாவில் சமூகப் பணிக்கான கல்லூரியாகத் தொடங்கி, 1944-இல் இன்றைய பெயரைப் பெற்று, 1954-இல் தேவனாருக்குக் குடிபெயர்ந்து, 1964-இல் பல்கலைக்கழகத் தகுதி எய்திய நிறுவனம் அது. சர் தோராப்ஜி டாட்டாவின் பெயர் தாங்கிய நூல்நிலையம் ஒன்று அங்கே உண்டு. ஒளிப்படக் கலையையும் சமூக ஆராய்ச்சியையும் இணைத்துக் கற்பிக்கும் துறையும் உண்டு. அத்துறையினர் நம் நகரத்து எளிய மக்களைப் பற்றிப் பல செய்திப்படங்களை எடுத்துள்ளனர்.

அவற்றுள் ஒன்று, 2003-ஆம் ஆண்டில் அஞ்சலி மொந்தேரோ, கே. பி. ஜெயசங்கர் ஆகிய இருவரும் உருவாக்கிய 'நாத்தா'. பிணைப்பு என்பது அதன் பொருள். 1992, 1993-ஆம் ஆண்டுகளில் நிகழ்ந்த கலவரத்திற்குப் பின், தாராவியில் சமயப் பிரிவினரிடையே நல்லிணக்கம் வளர்க்க முனைந்த பாவு கோர்டே, வகார் கான் என்னும் இரு நண்பர்களின் பணியை அது காட்டுகிறது. தாராவி என்றவுடன் அழுக்கையும் நெரிசலையுமே காட்டும் படங்களைக் கண்டு சலித்த நமக்கு, அங்கு வாழ்வோர் தம் பகுதியைப் பற்றித் தாமே சிந்தித்துப் பேசுவதைக் காட்டும் படம் பெரிதும் வேண்டற்பாலது. அவ்விருவரே 2007-ஆம் ஆண்டில் எடுத்த மற்றொரு படம், தமிழ்நாட்டுத் திருநங்கையரின் குடும்ப வாழ்வைப் பொருளாகக் கொண்டது.

இத்தகைய தொகுப்புகளை எங்ஙனம் பயன்கொள்வது? நூலைப் பயில்வது வேறு. ஒலியைப் பயில்வது வேறு. வெளியார் பார்வையிட முன் அனுமதி பெறுதல் வேண்டும் என்பது பெரும்பாலான பல்கலைக்கழகங்களின் வழக்கம். ஆதலின் நாம் யார், எதன்பொருட்டு வருகிறோம், எப்பொருளைத் தேடுகிறோம் என்பவற்றை விளக்கி முன்கூட்டியே மடல் எழுதுதல் நலம். தேடும் பொருள் தெளிவாக இருந்தால், நூலகர் பாதி வழி நம்மோடு வருவார்.

அடுத்தது பட்டியல். மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்ட நாம் இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கை கூறக் கடமைப்பட்டுள்ளோம். பட்டியல்கள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருக்கும். தமிழ்ச் சொற்கள் அங்கே உருமாறிக் கிடக்கும். நம் சிறப்பு ழகரத்தை ஒருவர் 'எல்' என்னும் எழுத்தால் குறிப்பார். மற்றொருவர் 'இசட்', 'எச்' என்னும் ஈரெழுத்துகளால் குறிப்பார். வில்லுப்பாட்டு ஓரிடத்தில் தன் பெயரோடு இருக்கும். மற்றோரிடத்தில் கதைப்பாட்டு என்னும் பொதுப் பெயருக்குள் மறைந்திருக்கும். ஒப்பாரியைத் தாலாட்டு என்று எழுதிவைத்தாலும் வியப்பில்லை. இரண்டும் பெண் குரலில் மெல்ல இழுத்துப் பாடப்படுவன அல்லவா? ஆதலின் ஒரு சொல்லைத் தேடிக் கிட்டவில்லை என்று மனம் தளரக் கூடாது. ஊர்ப்பெயர், பாடியவர் பெயர், பதிவு செய்தவர் பெயர், ஆண்டு ஆகிய ஒவ்வொன்றாலும் தேட வேண்டும்.

ஒலி கிட்டியபின் ஒருமுறைக்கு மும்முறை கேட்க வேண்டும். முதன்முறை பொருளுக்கு, இரண்டாம் முறை சொல்லுக்கு, மூன்றாம் முறை சொல்லுக்கு இடையிலுள்ள மௌனத்துக்கு. எந்த நிமிடத்தில் எந்தச் செய்தி வருகிறது என்று குறித்துக்கொள்ள வேண்டும். ஒலிவாங்கியைப் பிடித்தவர் யார், கேட்ட வினா யாது, அருகில் யார் இருந்தனர் என்பனவும் ஆராயத்தக்கன. மாமியார் அருகிருக்க மருமகள் கூறும் வாழ்க்கை வரலாறும், தனித்திருந்து அவள் கூறும் வரலாறும் ஒன்றாகா. ஒலியாகப் பதிந்திருப்பதனாலேயே ஒன்று உண்மையாகிவிடாது. செய்தித்தாளோடும் கோப்போடும் ஒப்புநோக்கியே அதனை ஏற்க வேண்டும். படி எடுக்குமுன் உரிமையையும் வினவுதல் வேண்டும். 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டத்தின்படி, வெளியிடப்பெற்ற ஒலிப்பதிவுக்கு 60 ஆண்டுகள் உரிமை உண்டு.

இவ்வளவும் அறிஞர்க்கு உரிய செய்திகள், நமக்கு இவற்றால் யாது பயன் என்று சிலர் எண்ணலாம். அவர்களுக்கு மான்குர்த்தின் வரலாற்றில் ஒரு பக்கத்தை நினைவூட்ட விரும்புகிறோம்.

அங்கே ஜனதா காலனி என்றொரு குடியிருப்பு இருந்தது. நகரத்தின் பிற பகுதிகளிலிருந்து அகற்றப்பட்டவர்களை மாநகராட்சியே கொணர்ந்து குடியேற்றிய இடம் அது. அங்கு வாழ்ந்தோருள் தமிழரும் மிகுதி. அருகில் எழுந்த அணு ஆய்வு மையத்தின் தேவைக்கு அந்நிலம் வேண்டப்பட்டது. மக்கள் எதிர்த்தனர். அவர்களுக்குத் தலைமை தாங்கிய இளைஞர் ஜோக்கின் அற்புதம், கோலார் தங்கவயலில் தமிழ்ப் பெற்றோருக்குப் பிறந்து, 1960-களில் மும்பைக்கு வந்தவர். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. எனினும் நெருக்கடி நிலைக் காலத்தில், 1976-ஆம் ஆண்டு மே மாதத்தில், காவலர் சூழக் குடியிருப்பு அகற்றப்பட்டது. ஏறத்தாழ 70,000 பேர் டிராம்பே கழிமுகத்தை ஒட்டிய சதுப்பு நிலத்துக்கு மாற்றப்பட்டனர் என்பர். அதுவே இன்று தமிழ் ஒலிக்கும் சீத்தா கேம்ப். ஜோக்கின் அற்புதம் பின்னர்க் குடிசைவாழ் மக்களின் தேசியக் கூட்டமைப்பை வளர்த்து, 2000-ஆம் ஆண்டில் மக்சேசே விருதும், 2011-ஆம் ஆண்டில் பத்மஸ்ரீ விருதும் பெற்று, 2018-ஆம் ஆண்டில் மறைந்தார்.

அவர் பேசிய நேர்காணல்கள் பதிவாகியுள்ளன. நன்று. ஆனால் அன்று இடம்பெயர்ந்தோர் அவர் ஒருவர் அல்லர். அடுப்பையும் பாயையும் குழந்தையையும் சுமந்துகொண்டு சேற்றில் இறங்கிய தாய்மாரின் குரல் எங்கே? கோப்பு அந்நாளை 'மறுகுடியமர்த்தல்' என்று ஒரே சொல்லால் எழுதும். அச்சொல்லைத் தமிழாக்குவது எமக்கு எளிது, அகராதி உதவும். அன்று அங்கிருந்த மூதாட்டி ஒருத்தி அதனை எச்சொல்லால் கூறுவாள்? அச்சொல் எந்த அகராதியிலும் இராது. அவள் நாவில்தான் இருக்கும். அன்று இருபது வயதினராக இருந்தோர் இன்று எழுபது வயதின் வாயிலில் நிற்கின்றனர். படச்சுருள் அழிவதற்கு வெப்பமும் ஈரமும் காரணம் என்றோம். மனிதக் குரல் அழிவதற்குக் காலம் ஒன்றே போதும்.

திருவள்ளுவர் கல்வி, கல்லாமை என்னும் அதிகாரங்களுக்கு அடுத்ததாகக் கேள்வி என்னும் அதிகாரத்தை வைத்தார். நூல் பயிலாதவர்க்கும் செவி உண்டு என்பது அவர் கருத்து. நூல் எழுதாதவர்க்கும் நா உண்டு என்பதை நாம் சேர்த்துக்கொள்ளலாம். தாராவியின் தோல் பதனிடும் கூடங்களில் உழைத்த திருநெல்வேலிச் சீமையினரும், மாதுங்காவில் அலுவலகம் சென்று வந்த எழுத்தர்களும், செம்பூரிலும் மான்குர்த்திலும் குடியேறிய தொழிலாளரும் சேர்ந்தே மும்பைத் தமிழர் வரலாற்றைப் படைத்தனர். மாதுங்காவினர்க்குச் சங்கங்கள் இருந்தன, மலர்கள் இருந்தன, 1932-இல் தோன்றிய தென்னிந்தியக் கல்விக் கழகம் போன்ற அமைப்புகளின் ஏடுகள் இருக்கின்றன. ஏடு இல்லாதவர்க்கு ஏடு அவர்தம் குரலே. அதனைச் சேர்க்காவிடில், எதிர்காலத்தில் நூல்நிலையம் புகும் நம் பேரப்பிள்ளை, மும்பைத் தமிழர் என்போர் எழுத்தர்கள் மட்டுமே என்று எழுதிவிடுவான். பிழை அவனுடையதாகாது.

இதற்குப் பெரும் பொருட்செலவு வேண்டுவதில்லை. முற்காலத்தில் பதிவு செய்யும் கருவியைத் தூக்கிச் செல்ல ஆள் வேண்டும். இப்பொழுது நம் சட்டைப்பையிலுள்ள கைப்பேசியே போதும். விடுமுறை நாளொன்றில் வீட்டிலுள்ள பெரியவரின் அருகில் அமருங்கள். மின்விசிறியை நிறுத்திவிடுங்கள், அதன் இரைச்சல் குரலை விழுங்கும். முதலில் நாள், இடம், பேசுவோர் பெயர், அவர் பிறந்த ஊர் ஆகியவற்றை நீங்களே சொல்லிப் பதியுங்கள். பெயரில்லாத ஒலி, தலைப்பேடு இழந்த சுவடி போன்றது. பின்பு, எந்த வண்டியில் வந்தீர்கள், யார் அழைத்து வந்தார், முதல் இரவு எங்கே உறங்கினீர்கள் என்று கேளுங்கள். அவர் பேசும்போது குறுக்கிடாதீர்கள்; அவர் அழுதால் பதிவை நிறுத்துங்கள். பிறர் கேட்கலாமா என்று அவரிடமே ஒப்புதல் பெறுங்கள். ஒன்றுக்கு மூன்று படிகள் எடுத்து வெவ்வேறு இடங்களில் வையுங்கள். கைப்பேசி தொலையும், கருவி பழையதாகும். தமிழ்ச் சங்கமோ ஊர்ச்சங்கமோ இவற்றைத் திரட்டி, பேணத்தக்க பல்கலைக்கழகம் ஒன்றனை அணுகி, முறைப்படி ஒப்படைக்கலாம்.

தமிழின் முதற் பேசும்படம் பேசிய நகரில் நாம் வாழ்கிறோம். அக்குரலை நாம் இழந்தோம். இனி அது மீளாது. ஆனால் 1976-ஆம் ஆண்டில் மான்குர்த்திலிருந்து நடந்தவர்களுள் பலர் இன்னும் சீத்தா கேம்பின் திண்ணைகளில் அமர்ந்திருக்கின்றனர். கேட்பார் வந்தால் அவர்கள் சொல்லுவர். அடுத்த ஞாயிற்றுக்கிழமை நாம் போய்க் கேட்போமாக.